யப்பானியப் பண்புச்சொற்களில் உவப்பும் இகழ்வும்: ஒரு வரலாற்று நோக்கு

சொல்லொன்றின் பொருளை அகராதி தருகின்றது. அச்சொல்லை ஆள்பவரின் மனநிலையை அது எப்பொழுதும் தருவதில்லை. யப்பானிய மொழியைப் பயில்வோர் இவ்வுண்மையை விரைவில் உணர்வர். 'கொதொமொரஷீ', 'கொதொமொப்பொய்' ஆகிய இரு சொற்களும் குழந்தைத் தன்மையைச் சுட்டுவன. ஆயின், முன்னது குழந்தையிடத்து அதற்குரிய இயல்பைக் கண்டு மகிழ்வது. பின்னது பெரும்பாலும் வளர்ந்தவரின் சிறுபிள்ளைத்தனத்தைக் குறைகூறுவது.

இதனினும் இடர் மிக்கது 'கவாயீ', 'கவாய்சோ' என்னும் இணை. 'ஒய்ஷீ' என்பது சுவையானது. 'ஒய்ஷிசோ' என்பது சுவையானதாகத் தோன்றுவது. இவ்விதியைப் பின்பற்றி, அழகிய குழந்தையொன்றைக் கண்டு 'கவாய்சோ' என்பாராயின், பெற்றோர் திடுக்கிடுவர். 'கவாயீ' அன்புக்குரியதைக் குறிக்க, 'கவாய்சோ' பரிதாபத்துக்குரியதையே குறிக்கும். இலக்கணம் விளக்காத இவ்வேறுபாட்டை வரலாறு விளக்குகின்றது.

'கவாயீ' என்பதன் மூலவடிவம் 'கஹோ-ஹயுஷி' என்பர். 'கஹோ' என்பது முகம். நாணத்தால் முகம் கூசும் நிலையை அது முதலிற் குறித்தது. 12ஆம் நூற்றாண்டைச் சார்ந்த 'கொன்ஜாக்கு' கதைத்தொகுதியில் அதன் திரிந்த வடிவம், காணப் பொறாத இரக்கத்தை உணர்த்துகின்றது. எளியாரிடத்து இரங்கும் நெஞ்சம் அவரிடத்து அன்பு கொள்ளுதல் இயல்பன்றோ? நாளடைவில் அன்புப்பொருள் மேலோங்கியது. பழைய இரக்கப்பொருள் 'கவாய்சோ' என்னும் வடிவில் எஞ்சியது.

'கனஷி' என்னும் சொல் இதற்கு எதிர்த்திசையிற் சென்றது. 8ஆம் நூற்றாண்டிலே தொகுக்கப்பெற்ற 'மான்யோஷு'வின் கீழ்நாட்டுப் பாடல்களில் அது காதலுக்குரியாரைச் சுட்டவும் வழங்கியது. இன்றைய 'கனஷீ' துயரத்தை மட்டுமே குறிக்கின்றது. நெஞ்சை அழுத்தும் உணர்ச்சி மிகுதியே இவ்விரு பொருள்களையும் இணைக்கும் இழையாகும்.

இன்று 'அழகிய' என வழங்கும் 'உத்சுகுஷீ'யும் தொடக்கத்தில் அழகைக் குறித்ததன்று. பெற்றோர், துணைவர், மக்கள் ஆகியோர் மாட்டுள்ள பாசத்தையே குறித்தது. கி.பி. 1000 அளவில் சேய் ஷோனகொன் என்னும் அரண்மனைப் பெண்மணி, தமது 'மக்குரா நோ சோஷி'யில் இச்சொல்லுக்குரியனவற்றை நிரல்படுத்தினார். முலாம்பழத்தில் வரைந்த குழந்தை முகமும், தத்திவரும் குருவிக்குஞ்சும் அவற்றுட் சில. சிறியவற்றின் மீதான கனிவே பின்னர் அழகுணர்வாக விரிந்தது. தமிழ்–யப்பானிய மொழியுறவு ஆய்வினால் ஈழத்தறிஞர் நன்கறிந்த பேராசிரியர் சுசுமு ஓனோ (1919–2008), இச்சொல்லின் வரலாற்றை விரிவாக ஆராய்ந்தவர்களுள் ஒருவராவர்.

நறுமணத்தைச் சுட்டிய 'நாற்றம்' தீய மணத்தைச் சுட்டலானதை அறிந்த நமக்கு இம்மாற்றங்கள் வியப்பளிப்பனவல்ல. இவை இன்றும் ஓய்ந்தபாடில்லை. ஆபத்தைக் குறித்த 'யபாய்' என்னும் கொச்சைச்சொல், இப்பொழுது இளைஞர் வாயிற் பாராட்டாகவும் ஒலிக்கின்றது. யப்பானியப் பண்பாட்டலுவல்கள் முகமையின் 2014ஆம் நிதியாண்டுக் கருத்தாய்வில், 16 முதல் 19 வரையான வயதினருள் பத்தில் ஒன்பது பேருக்கு மேற்பட்டோர் அதனை அவ்வாறு வழங்குவதாகக் கூறினர். அதே சொல்லை முதியோரிடம் பாராட்டாகக் கூறின், அவர் அதனை எச்சரிக்கையாகக் கொள்ளவுங்கூடும்.

எனவே, ஒத்த பொருளுடைய இரு பண்புச்சொற்களுள் ஒன்றைத் தேர்வோர், 'பொருள் எத்தன்மையது?' என வினவுதல் மட்டும் போதாது. 'அதனை நான் எங்கு நின்று நோக்குகின்றேன்? கேட்போர் எத்தலைமுறையினர்?' எனவும் வினவுதல் வேண்டும். உவப்பும் இகழ்வும் பொருளில் உறைவன அல்ல. நோக்குவோரின் நிலையில் உறைவன. அன்புக்கும் பரிதாபத்துக்கும் இடையே ஓர் ஈறே நிற்கும் மொழியில், சொற்றேர்வு என்பது பிறரை மதிக்கும் முறையுமாகும்.