பழைய வீடும் புதிய யன்னலும்

புத்தளம் மாவட்டத்துக் கரையோரக் கிராமமாகிய கனமூலையில் வீடு கட்டும் ஒருவர், தச்சரை அழைத்து யன்னல் செய்யச் சொல்லும்போது, தாம் ஒரு போர்த்துக்கேயச் சொல்லைக் கூறுவதாக எண்ணுவதில்லை. ஆயினும் உண்மை அதுவே. போர்த்துக்கேயர் ‘ஜனெலா’ என வழங்கிய சொல்லே இலங்கைத் தமிழில் யன்னல் என்றும், தமிழகத்தில் சன்னல் என்றும் நிலைபெற்றது. அலுமாரி, கதிரை, குசினி, சாவி என்பனவும் அவ்வழி வந்தனவே. பின்னர் வந்த ஒல்லாந்தர் கந்தோர் என்னும் சொல்லை விட்டுச் சென்றனர். ஆட்சிகள் அழிந்தன, கொடிகள் இறங்கின, சொற்கள் மட்டும் வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டன.

போர்த்துக்கேயர் வருமுன் தமிழர் வீடுகளுக்குச் சாளரம் இல்லாமலில்லை. சாளரம், பலகணி என்னும் பெயர்களோடு ‘காலதர்’ என்னும் அழகிய பெயரும் பழந்தமிழில் உண்டு. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழியே காலதர். ஆங்கிலேயர் யன்னலுக்கு இட்ட பெயரும் ‘காற்றின் கண்’ என்று பொருள்படும் பழைய வடபுல மொழிச் சொல்லிலிருந்தே பிறந்தது. உலகின் இரு கோடிகளில் வாழ்ந்த மக்கள் ஒரே கருத்தை நினைத்திருக்கின்றனர். யன்னல் என்பது முதலிற் காற்றுக்காக ஏற்பட்டது. ஒளியும் காட்சியும் பின்னர் வந்து சேர்ந்தவை. இக்கருத்தை மனத்திற் கொண்டால், பழைய கட்டடங்களின் யன்னலை மாற்றுவது பற்றி இன்று எழும் வழக்குகள் பலவற்றிற்குத் தெளிவு பிறக்கும்.

புத்தளக் கரையோரத்தில் ஐரோப்பியர் விட்டுச் சென்ற கட்டடங்களுள் தலையாயது கற்பிட்டிக் கோட்டை. ஒல்லாந்தர் 1667 ஆம் ஆண்டிற் கட்டத் தொடங்கி 1676 ஆம் ஆண்டில் நிறைவு செய்த அக்கோட்டை, பெரும்பாலும் கடலிலிருந்து எடுத்த முருகைக் கல்லினால் ஆனது. கண்டியரசனின் வெளிநாட்டு வாணிகத்தைக் கண்காணிக்கவே அஃது எழுப்பப்பட்டது. 1795 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. ஆயினும் கோட்டையென்பது பகைவரை வெளியே நிறுத்தும் பொருட்டு எழுந்தது. அதன் மதிலில் யன்னலைத் தேடுவது வீண். அக்காலத்து யன்னல்களை மக்கள் குடியிருக்கும் வீடுகளிலேயே காண விரும்புவோர், இத்தீவின் தென்கோடியிலுள்ள காலிக் கோட்டைக்குத்தான் செல்ல வேண்டும்.

காலியில் 1588 ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் அரண் அமைத்தனர். 1640 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1663 ஆம் ஆண்டு தொடக்கம் அதனைப் பெருங்கோட்டையாக விரித்துப் பதினான்கு கொத்தளங்களை அமைத்தனர். 1796 ஆம் ஆண்டில் அதுவும் ஆங்கிலேயர் வசமாயிற்று. மற்றைய கோட்டைகளுக்கும் காலிக்கும் உள்ள பெரு வேறுபாடு யாதெனின், காலி மதிலினுள் ஒரு முழு நகரமே இன்றளவும் உயிரோடிருக்கின்றது. 400க்கு மேற்பட்ட வீடுகள், ஒல்லாந்தத் தேவாலயம், பள்ளிவாசல், விகாரை, நீதிமன்றம், கடைகள் எல்லாம் அங்கே உள. முஸ்லிம்களும் சிங்களவரும் பறங்கியரும் அவ்வீதிகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துள்ளனர்.

அவ்வீடுகளின் யன்னல் எவ்வாறு அமைந்தது? சுவர் முருகைக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு மிகத் தடிப்பாகக் கட்டப்பட்டது. அதன் நடுவே பலா, தேக்கு முதலிய வைரம் பாய்ந்த மரத்தினாற் கனத்த நிலைச்சட்டம் நிறுத்தப்பட்டது. சட்டத்தின் மூலைகள் இரும்பாணியினால் அன்றிக் கழுந்தும் துளையுமாகப் பொருத்தப்பட்டு, மர ஆணியினால் இறுக்கப்பட்டன. பெரும்பாலும் மேற்பகுதியில் சிறு சிறு கண்ணாடிகளும், கீழ்ப்பகுதியில் திறந்து மூடும் மரக் கதவுகளும் இருந்தன. கீழ்க் கதவைத் திறந்தால் விறாந்தையின் நிழலிற் குளிர்ந்த காற்று உள்ளே வரும்; அறையில் மேலெழும் வெப்பக் காற்று வாயிலின் மேலுள்ள காற்றுப்பலகை வழியே வெளியேறும். மின்விசிறி இல்லாத காலத்தில் வீட்டைக் குளிரச் செய்த பொறி அதுவே. கண்ணாடி சிறிதாயிருந்தமைக்கும் காரணம் உண்டு. அந்நாளிற் கண்ணாடியை வாயால் ஊதி விரித்தே செய்தனர். பெருந்தகடு செய்தல் அரிது. செய்தாலும் கப்பலிற் கொண்டுவருதல் அதனினும் அரிது.

கண்ணாடி யன்னல் இத்தீவின் தனிச்சிறப்பாகவும் அக்காலத்திற் கருதப்பட்டது. 1803 ஆம் ஆண்டில் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்ட ஆங்கிலப் படைவீரர் றொபேட் பேர்சிவல், இந்தியாவின் பிற பகுதிகளிலிருந்து கொழும்புக்கு வருவோர்க்கு ஒல்லாந்தர் வீடுகளின் கண்ணாடி யன்னல்கள் புதுமையாகத் தோன்றும் எனக் குறித்துள்ளார். இங்கிலாந்திலோ அந்நாளில் யன்னலுக்கே வரி இருந்தது. 1696 ஆம் ஆண்டில் விதிக்கப்பட்ட அவ்வரிக்கு அஞ்சிப் பலர் தம் வீட்டு யன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தனர். 1845 ஆம் ஆண்டிற் கண்ணாடி மீதிருந்த தீர்வையும், 1851 ஆம் ஆண்டில் யன்னல் வரியும் நீங்கின. அதன்பின் பெருங் கண்ணாடிகள் மலிந்தன. குடியேற்ற நாடுகளுக்கும் பரவின. ஒல்லாந்தர் வீடுகளிலும் ஆங்கிலேயர் காலத்து யன்னல்கள் புகுந்தன. இங்ஙனம் ஒரே வீட்டின் ஒரே சுவரில் இரு நூற்றாண்டுகளின் யன்னல்கள் அருகருகே நிற்கலாயின.

சட்டம் இதன் பின்னரே வந்தது. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 ஆம் ஆண்டு மார்ச் 2 ஆம் நாளுக்கு முற்பட்ட கட்டடங்களைப் பண்டைய நினைவுச்சின்னங்கள் எனக் கொண்டது. கண்டி இராச்சியம் ஆங்கிலேய முடிக்கு உடன்படிக்கை மூலம் கையளிக்கப்பட்ட நாள் அது. பிற்காலத்துக் கட்டடங்களையும் தகுதி நோக்கிப் பாதுகாக்கப்பட்டவையாகப் பிரகடனஞ் செய்ய அச்சட்டத்தில் இடமுண்டு. 1988 ஆம் ஆண்டிற் காலியின் பழைய நகரமும் அதன் அரண்களும் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. 1994 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டத்தினாற் காலி மரபுரிமை மன்றம் நிறுவப்பட்டது. அன்று தொட்டு, கோட்டைக்குள் ஒருவர் தம் சொந்த வீட்டின் யன்னலைக் கழற்றுவதும் நாட்டின் பொதுக் காரியம் ஆயிற்று.

இங்கேதான் துன்பம் தொடங்குகின்றது. கடற்கரையில் மரத்துக்குப் பகை இரண்டு: மழையும் உப்பும். யன்னற் கதவின் அடிக்கட்டையே முதலில் உளுத்துப்போகும். மேலிருந்து வடியும் நீர் அங்கே தங்கி, மரத்தின் வெட்டுமுகம் வழியே உள்ளே ஏறும். கீலும் கொண்டியும் துருப்பிடித்து வீங்கி, பிடித்திருந்த மரத்தையே பிளக்கும். உப்புக் காற்று இரும்பை என்ன செய்யும் என்பதை உப்பளங்களுக்குப் பேர்போன புத்தளத்தாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. புதிதாக நல்ல மரத்தில் யன்னல் செய்விக்கப் பெரும்பொருள் வேண்டும். கழுந்து வெட்டத் தெரிந்த தச்சர் வேண்டும். அனுமதிக்குக் காத்திருக்கும் பொறுமையும் வேண்டும். கடையிலோ அலுமினியச் சட்டமும் அகன்ற கண்ணாடியும் ஆயத்தமாக உள்ளன. அளவெடுத்த சில நாட்களிற் பொருத்திவிடலாம். சிறு வருமானமுள்ள ஒரு குடும்பத் தலைவர் அதனை நாடுவாராயின் அவரைக் குறை கூறுவது எளிது. அவர் நிலையில் நின்று பார்ப்பது கடினம்.

எனினும் அம்மாற்றத்தினால் வீட்டுக்கு நேர்வது யாது என்பதையும் ஆராய வேண்டும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி, வெயிலில் வெளியே விடும் இயல்புடையது. புதுச் சட்டத்தைச் சுற்றிச் சீமெந்து பூசினால் அவ்வழி அடைபடுகின்றது. வெளியேற இயலாத ஈரம் உப்பைச் சுமந்து சுவரினுள்ளே நிற்கும். உப்புப் பளிங்காகித் தடிக்கும்போது பூச்சு உதிரும். மேலே காற்றுப்பலகை மூடப்பட்டமையால் அறை புழுங்கும். புழுக்கம் நீங்கக் குளிரூட்டி வாங்க நேரும். யன்னலுக்கென மிச்சம் பிடித்த பணம் மின்கட்டணமாகக் கழியும். தெருவிலிருந்து நோக்குவோர்க்கோ ஒரே வரிசையாய் நின்ற முகங்களுள் ஒன்று கண்ணிழந்தது போலத் தோன்றும். காலியின் அழகு தனித்தனி மாளிகைகளில் இல்லை. விறாந்தையும் தூணும் யன்னலும் வீடுதோறும் ஒத்த அளவில் தொடர்ந்து செல்லும் வீதியின் ஒழுங்கிலேயே உள்ளது. ஒரு கண்ணி அறுந்தால் தொடர் முழுதும் தளரும்.

ஆயின் உளுத்த யன்னலை மாற்றவே கூடாதா? உலகறிஞர் அவ்வாறு கூறவில்லை. 1964 ஆம் ஆண்டில் இத்தாலியின் வெனிஸ் நகரிற் கூடியோர் வகுத்த சாசனம் சில நெறிகளைக் காட்டிற்று. அழிந்த உறுப்புக்கு ஈடாக வைப்பது முழுக் கட்டடத்தோடும் இசைய வேண்டும். ஆயினும் அது புதியது என்பது கூர்ந்து நோக்குவோர்க்குப் புலப்பட வேண்டும். ஒரு கட்டடத்திற் பல காலத்தார் சேர்த்த நற்பகுதிகள் யாவும் மதிக்கப்பட வேண்டும். வெறும் ஊகம் தொடங்கும் இடத்திற் புனரமைப்பு நின்றுவிட வேண்டும். இந்நெறிப்படி முதற்கடன் பழுது பார்த்தலே. உளுத்த அடிக்கட்டையை மட்டும் அறுத்தெடுத்து, அதே சாதி மரத்தில் ஒட்டுப்போட்டால், எஞ்சிய சட்டம் பல்லாண்டு நிற்கும். முழுதும் அழிந்தாற்றான் புதிது செய்தல் தகும். அப்பொழுதும் பழைய அளவும் பொருத்தும் முறையும் மாறலாகாது.

ஆங்கிலேயர் காலத்து யன்னலைக் கழற்றிவிட்டு ஒல்லாந்தர் காலத்ததைப் போன்று ஒன்றைக் கற்பித்து வைப்பது நன்றோ என்னும் வினாவுக்கும் இதனால் விடை கிடைக்கின்றது. 1815 என்பது சட்டம் இட்ட கோடு. வரலாறு அக்கோட்டில் நிற்கவில்லை. ஓராட்சியின் தடத்தை மறைத்து மற்றோர் ஆட்சியைப் பளிச்சிடச் செய்தல் வரலாற்றைக் காப்பதாகாது. 1994 ஆம் ஆண்டில் ஜப்பானின் நாரா நகரில் நிகழ்ந்த மாநாடு இன்னுமோர் அடி முன்சென்றது. மரத்தாற் கோயில் கட்டி, காலந்தோறும் உறுப்புகளை மாற்றிக் காத்துவரும் அந்நாட்டில், உண்மைத் தன்மை என்பது பழைய பொருளில் மட்டுமன்று, வடிவிலும் பயன்பாட்டிலும் கைத்திறன் மரபிலும் உளது என்று உடன்பட்டனர். நினைவுச்சின்னங்களுக்கான சர்வதேசப் பேரவைக்கு அந்நாளில் தலைவராயிருந்தவர் இலங்கைத் தொல்பொருளறிஞர் ரோலன்ட் சில்வா என்பது நம் நாட்டுக்குப் பெருமை தருவது.

நெறி நன்று, செலவை யார் ஏற்பது? காலி இதற்கும் ஒரு விடை கண்டது. இருபத்தோராம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் நெதர்லாந்து அரசின் உதவியோடு கோட்டைக்குள் தனியார் வீடுகள் பல செப்பனிடப்பட்டன. விறாந்தைகள் மீண்டும் திறந்தன. மர யன்னல்கள் மீண்டன. பொதுமக்களுக்காக ஒரு முகப்பைக் காக்கும்படி சொல்லும் அரசு, அச்சுமையிலும் பங்கேற்றால், குடியிருப்போர் மனமுவந்து ஒத்துழைப்பர் என்பது அங்கே விளங்கிற்று. தடை மட்டும் விதித்து உதவி செய்யாதிருந்தால் நிகழ்வது இரண்டிலொன்று: வீடு உளுத்து விழும், அன்றேல் விலைபோகும். கோட்டை வீடுகள் பல கைமாறி விடுதிகளாகவும் கடைகளாகவும் ஆகியுள்ளன. அவற்றிற் சிலவற்றின் யன்னல்கள் முன்னிலும் அழகாய் உள்ளன. ஆனால் அந்த யன்னலைத் திறந்து அடுத்த வீட்டாரை அழைத்துப் பேசிய குடும்பம் அங்கே இல்லை. யன்னலைக் காத்து மனிதரை இழப்பதும் ஓர் இழப்பே.

இப்பாடம் காலிக்கு மட்டும் உரியதன்று. கனமூலை முதற் கற்பிட்டி வரை இக்கரையோரத்தில் எப்பட்டியலிலும் ஏறாத பழைய வீடுகளும் பண்டகசாலைகளும் வழிபாட்டிடங்களும் இருக்கலாம். அவற்றைச் சட்டம் காவாது. ஊராரே காக்க வேண்டும். அதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. யன்னலைக் கழற்றுமுன் அதன் நீள அகலத்தை அளந்து குறித்தல், ஒரு படம் எடுத்து வைத்தல், பழுது பார்க்க இயலுமா என்று முதிய தச்சர் ஒருவரைக் கேட்டல், நல்ல சட்டங்களை விறகாக்காமல் உலர்ந்த இடத்தில் வைத்தல் என்பன எவர்க்கும் இயல்வன. முதிய தச்சரின் உளி ஓயுமுன் இளைஞர் ஒருவர் கழுந்து வெட்டப் பழகிக்கொள்வாராயின், அதனினும் சிறந்த காவல் வேறில்லை.

காலதர் என்றும் யன்னல் என்றும் பெயர் மாறியும், காற்றுக்கு வழிவிடும் தன் தொழிலை அது மறக்கவில்லை. பழைய யன்னலை மாற்ற முற்படுவோரும், மாற்றலாகாதென விதிப்போரும், அத்தொழிலையும் அதன் பின்னே வாழும் குடும்பத்தையும் ஒருங்கே நினைப்பாராயின், வீடும் வாழும், வரலாறும் வாழும்.