மலே அச்சாறும் மலாயரும்

கலியாண வீட்டில் சஹன் வைத்ததும் நாம் முதலில் தேடுவது அச்சாறைத்தான். சின்ன வெங்காயமும் பச்சைக் கொச்சிக்காயும் பேரீச்சம்பழமும் கடுகில் ஊறிய அதை நாம் இன்றும் 'மலே அச்சாறு' என்றுதான் சொல்கிறோம். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

ஒல்லாந்தர் 1656இல் கொழும்பைப் பிடித்தார்கள். அதன்பின் ஜாவா முதலான தீவுகளிலிருந்து படைவீரர்களையும், தமக்கு எதிராக நின்றவர்களையும் இங்கே கொண்டுவந்தார்கள். மக்காஸாரின் மார்க்க அறிஞர் ஷெய்க் யூசுப் 1684இல் அப்படி நாடுகடத்தப்பட்டு இலங்கைக்கு வந்தவர். 1694இல் அவரைத் தென்னாபிரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆங்கிலேயர் காலத்திலும் மலாயர் படையில் இருந்தார்கள். அந்தப் படையணி 1873இல் கலைக்கப்பட்டதும் பலர் பொலிஸிலும் தோட்டங்களிலும் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

செய்முறையும் கேட்பீர்கள். கடுகு, இஞ்சி, உள்ளி மூன்றையும் வினாகிரி விட்டு அரைத்துக்கொள்ளுங்கள். வேறாக வினாகிரியில் உப்பும் சீனியும் போட்டுக் கொதிக்க வைத்து, வெங்காயத்தையும் கொச்சிக்காயையும் ஒரு கொதி விட்டு இறக்குங்கள். நன்றாக ஆறிய பிறகே கடுகைக் கலக்க வேண்டும். சூட்டில் அதன் காரம் போய்விடும். கடைசியில் விதை நீக்கிய பேரீச்சம்பழம். இரண்டு நாள் ஊறினால் இனிப்பும் உறைப்பும் சேர்ந்துவிடும்.

இன்று பல மலாய் வீடுகளிலேயே அவர்களுடைய மொழி குறைந்துவருகிறது. நம் பிள்ளைகளுக்கு அச்சாறு தெரியும், அதைத் தந்தவர்களைத் தெரியாது. அடுத்த சஹனில் உட்காரும்போது சொல்லிக்கொடுப்போம்.