நாலு பழசு = ஒரு புதுசு

1993 ஜூலையில ஜப்பானின் நீஹாமாவில் சுமிடோமோ கெமிக்கல் ஆலை வெடிச்சுது. சிப்பை மூடுற எபாக்ஸி பிசின்ல பாதிக்கு மேல அங்கேருந்துதான் வந்துச்சு. பிசின் கிடைக்காதோங்கிற பயத்துல மெமரி விலை எகிறிடுச்சு.

மதர்போர்டுகளும் அப்போ 30 பின் சிம்மிலிருந்து (செல்போன் சிம் இல்லீங்க!) 72 பின்னுக்கு மாறிட்டு இருந்தன. காசு கொட்டி வாங்கின பழசெல்லாம் குப்பையா? அங்கதான் அடாப்டர் பலகை கைகொடுத்துச்சு. பழசு ஒரு தடவைக்கு 8 பிட் தரும், புதுசு 32 பிட். நாலு பழசைச் செருகினா ஒரு புதுசு, கணக்கு சரி! பக்கத்து கார்டை இடிக்கும்தான், ஆனா பர்ஸ் தப்பிச்சுது.

2025-ல ஏஐ புண்ணியத்துல மெமரி விலை மறுபடி ஏறினப்ப இதான் ஞாபகம் வந்துச்சு. டிடிஆர்5 ஸ்லாட்ல டிடிஆர்4 பொருந்தாது. அதனால நான் பழைய போர்டையே விடறதா இல்லை. நீங்க எப்படி மக்களே?