பந்தை மாற்றி எறியக் கற்பித்தவர்கள்

1907ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒரு சிறு நூல் வெளியானது. கறுப்பின மக்களின் பேஸ்பால் வரலாற்றைச் சொன்ன முதல் நூல் அது. எழுதியவர் சால் வைட். அவரே ஒரு கறுப்பின ஆட்டக்காரர், அணியை நடத்தியவர். அந்த நூலில் சில பக்கங்களை மட்டும் வேறொருவர் எழுதியிருந்தார். அவர் டெக்சஸ் மாநிலத்தின் கால்வர்ட் என்ற ஊரில் 1879இல் பிறந்த ஆண்ட்ரூ ஃபாஸ்டர். 'ரூப்' ஃபாஸ்டர் என்றால்தான் ஊருக்குத் தெரியும். பந்து எறிவது எப்படி என்று இளைஞர்களுக்குச் சொல்லித்தரும் கட்டுரை அது.

அதில் அவர் சொன்னவற்றைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: நினைத்த இடத்தில் பந்தைப் போடக் கற்றுக்கொள். எதிரணி ஆட்கள் தளங்களில் நிற்கும்போது பதற்றத்தைக் காட்டாதே, சிரித்த முகமாக இரு. அடிக்கத் துடிக்கிறவனைக் கொஞ்சம் காக்க வை. அவன் பொறுமை இழந்ததும், எட்டாத இடத்தில் பந்தைப் போட்டு அவனை வீசவை.

இதில் தோள்வலிமையைப் பற்றி எதுவும் இல்லை. எல்லாமே எதிரில் நிற்பவன் மனதைப் படிப்பது பற்றியவை. கறுப்பர்களுக்கு மூளை கிடையாது, உடம்புதான் உண்டு என்று பாடப்புத்தகத்திலேயே எழுதிவைத்த ஒரு காலத்தில், ஒரு கறுப்பர் இதை அச்சில் எழுதினார். தோழர்களே, இந்த வரலாற்றை நாம் படிக்க வேண்டிய காரணம் அங்கேதான் இருக்கிறது.

முதலில் ஆட்டத்தைப் புரிந்துகொள்வோம். கிரிக்கெட்டில் பந்து தரையில் குத்தி எழும். ஆடுகளமே பாதி வேலையைச் செய்யும். பேஸ்பாலில் பந்து தரையைத் தொடாமல் நேராக பேட்டரிடம் போக வேண்டும். எறிபவரை 'பிட்சர்' என்பார்கள். அவருக்கும் பேட்டர் நிற்கும் தளத்துக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். மணிக்கு 90 மைல், அதாவது சுமார் 145 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்தால், பந்து ஏறத்தாழ 0.4 விநாடியில் போய்ச் சேரும். அந்த நேரத்தில் பாதிக்குள் பேட்டர் முடிவெடுத்தாக வேண்டும். பார்த்து அடிப்பது பாதி, ஊகித்து அடிப்பது பாதி.

அந்த ஊகத்தை உடைப்பதுதான் பிட்சரின் தொழில். வேகப்பந்து மட்டுமே தெரிந்த ஒருவரை, அவர் எவ்வளவு வேகமாக எறிந்தாலும், நல்ல பேட்டர் மூன்றாவது முறை சந்திக்கும்போது கணக்குப் போட்டுவிடுவார். ஆகவே பிட்சர் கையில் வேறு பந்துகளும் இருக்க வேண்டும். 'கர்வ்' என்பது முன்பக்கமாகச் சுழன்று, கடைசியில் வளைந்து கீழே இறங்கும் பந்து. 'சேஞ்சப்' என்பது வேகப்பந்தைப் போலவே கையை வீசி, உள்ளங்கையில் ஆழமாகப் பிடித்து, மெதுவாகப் போடும் பந்து. நம் ஊர் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் 'ஸ்லோ பால்' போட்டு விக்கெட் எடுக்கிறோமே, அதன் உறவுக்காரன். இவற்றை எந்த வரிசையில், எந்த அளவில் கலப்பது என்பதே பிட்சரின் அறிவு. சேஞ்சப் தெரிந்தவரின் வேகப்பந்து, அதே வேகத்தில் வந்தாலும், பேட்டருக்கு இன்னும் வேகமாகத் தெரியும்.

இந்த அறிவு கறுப்பினத்தவரிடம் எப்படி வளர்ந்தது என்பதற்கு ஒரு பின்னணி உண்டு. 1884இல் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பர் டொலிடோ அணிக்காகப் பெரிய லீக்கில் ஆடினார். 1887இல் நியூவார்க் அணியின் கறுப்பினப் பிட்சர் ஜார்ஜ் ஸ்டோவி 30க்கும் மேற்பட்ட ஆட்டங்களை வென்று கொடுத்தார். அதே ஆண்டு ஜூலையில் சிகாகோ அணியின் கேப்டன் கேப் ஆன்சன், ஸ்டோவி களமிறங்கினால் தன் அணி ஆடாது என்றார். ஸ்டோவி ஆடவில்லை. அதே ஜூலையில்தான், இனிமேல் கறுப்பர்களை ஒப்பந்தம் செய்யக் கூடாது என்று அவர் ஆடிய லீக்கின் உரிமையாளர்கள் கூடித் தீர்மானித்தார்கள். பெரிய லீக்குகளில் சட்டம் எதுவும் எழுதப்படவில்லை. 'கனவான்கள் ஒப்பந்தம்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். எழுதாத அந்த ஒப்பந்தம் 1947 வரை நின்றது. எழுதப்படாத விதிகள் எவ்வளவு உறுதியானவை என்பது டீக்கடையில் தனிக் குவளை பார்த்த நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆக, கறுப்பினப் பிட்சர்களுக்கு வெள்ளையர் அணிகளின் பயிற்சியாளரும் இல்லை, மருத்துவரும் இல்லை. ஊர் ஊராகப் பேருந்தில் போய், சில நாட்களில் இரண்டு ஆட்டம்கூட ஆடினார்கள். வேகப்பந்தை மட்டுமே நம்பினால் கை ஒரு பருவம்கூடத் தாங்காது. மூத்தவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் தொழில் வளர்ந்தது. ரூப் ஃபாஸ்டர் 1920இல் கன்சாஸ் நகரில் மற்ற உரிமையாளர்களைக் கூட்டி நீக்ரோ தேசிய லீக்கைத் தொடங்கினார். லீக்கை நடத்தியவரே பிட்சர்களுக்கு ஆசானும் ஆனார். அவருடைய மாற்றாந்தாய்வழித் தம்பி பில் ஃபாஸ்டர் இடக்கைப் பிட்சர். எல்லாப் பந்துகளையும் ஒரே கைவீச்சில் எறிவார், எது வருகிறது என்று கடைசி வரை தெரியாது என்பதுதான் அவருக்கு இருந்த பெயர். 1926இல் இறுதிக்குத் தகுதி பெறும் தொடரின் கடைசி நாளில், ஒரே நாளில் இரண்டு ஆட்டங்களையும் அவரே எறிந்து வென்றார். பின்னாளில் மிசிசிப்பியில் உள்ள ஆல்கார்ன் என்ற கறுப்பினக் கல்லூரியில் மாணவர்களுக்குப் பயிற்சியாளராக இருந்தார். அண்ணனிடமிருந்து வந்தது அடுத்த தலைமுறைக்குப் போனது.

ரூப் ஃபாஸ்டரைப் பற்றி ஒரு கதை நெடுங்காலமாக உலவுகிறது. நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் பெரும்புகழ் பெற்ற வெள்ளைப் பிட்சர் கிறிஸ்டி மாத்யூசனுக்கு, 'ஃபேட்அவே' என்ற எதிர்ப்பக்கம் வளையும் பந்தைக் கற்றுக்கொடுத்ததே ஃபாஸ்டர்தான் என்பது அந்தக் கதை. இதற்கு ஆவணச் சான்று கிடையாது. கதை இனிப்பாக இருக்கிறது என்பதற்காக அதை வரலாறு என்று நாம் மேடையில் பேசக் கூடாது. நமக்கு அது தேவையும் இல்லை. 1907 நூலில் அவர் பெயரோடு அச்சான கட்டுரை இருக்கிறது. வெள்ளையர் ஒருவர் அவரிடம் கற்றார் என்பதால்தான் அவர் அறிவாளி ஆகிறார் என்றால், அந்த அளவுகோலே அவர்களுடையது.

அடுத்து சாட்சல் பெய்ஜ். 1906இல் அலபாமாவின் மொபீல் நகரில் பிறந்தவர். சில்லறைப் பொருட்களைத் திருடினார் என்று 12 வயதில் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். ஐந்தாண்டுகளுக்கும் மேல் அங்கே இருந்தார். பந்தெறியும் கலையை முறையாகக் கற்றதும் அங்கேதான். வெளியே வந்தபின் பல ஆண்டுகள் அவரிடம் இருந்தது பெரும்பாலும் ஒரே ஆயுதம்: வேகம். அந்த ஒரு பந்துக்கே அவர் பல பெயர்கள் வைத்து, பார்ப்பவர்களைச் சிரிக்கவைத்தார்.

1938இல் மெக்சிகோவில் ஆடும்போது அவருடைய தோள் கெட்டுப்போனது. கையைத் தூக்க முடியவில்லை. இனி எறியவே முடியாது என்றார்கள். வயது 32. கன்சாஸ் மொனார்க்ஸ் அணி அவரைத் தன் இரண்டாம் அணியில், பெயருக்காகச் சேர்த்துக்கொண்டது. வேகம் இல்லாத அந்த நாட்களில் பெய்ஜ் மற்ற பந்துகளைக் கற்றார். வளையும் பந்து, மெதுவான பந்து, சுழலாமல் தள்ளாடி வரும் பந்து. கை வீசும் கோணங்களை மாற்றினார். பிறகு வலி தீர்ந்து வேகமும் திரும்பியபோது, அவர் இரண்டு மடங்கு ஆபத்தான பிட்சராக இருந்தார். அவருடைய 'ஹெசிட்டேஷன்' பந்து பெயர்பெற்றது: காலை ஊன்றிவிட்டு, கையை ஒரு கணம் தாமதித்து விடுவார். பேட்டர் அதற்குள் மட்டையை வீசி முடித்திருப்பார்.

1948 ஜூலையில், 42 வயதில், கிளீவ்லாந்து அணி அவரைப் பெரிய லீக்குக்குக் கொண்டுவந்தது. இது விளம்பர வித்தை என்று வெள்ளையர் விளையாட்டு இதழ் ஒன்று ஏளனம் செய்தது. பெய்ஜ் ஆறு ஆட்டங்களை வென்றார், ஒன்றில் மட்டுமே தோற்றார். லீக் தலைவர் என்ன செய்தார் தெரியுமா? அந்த ஹெசிட்டேஷன் பந்து செல்லாது என்று அறிவித்தார். 60 ஆண்டுகள் வாசலில் நிறுத்திவைத்தார்கள். உள்ளே வந்ததும், வெளியே நின்ற காலத்தில் கற்ற வித்தையை விதிமீறல் என்றார்கள்.

பெய்ஜ் பெயர் உலகுக்குத் தெரியும். ஹில்டன் ஸ்மித்தை எத்தனை பேருக்குத் தெரியும்? மொனார்க்ஸ் அணியில் கூட்டம் பெய்ஜைப் பார்க்கத்தான் வரும். அவர் முதல் மூன்று இன்னிங்ஸ் எறிவார். மீதி ஆறும் பெரும்பாலும் ஸ்மித் தலையில். அந்த லீக்கிலேயே மிகச் சிறந்த கர்வ் பந்து ஸ்மித்துடையது என்று உடன் ஆடியவர்கள் சொன்னார்கள். ஆனாலும் 'பெய்ஜுக்குப் பின் வருபவர்' என்றே அறியப்பட்டார். 2001இல் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தபோது அவர் உயிரோடு இல்லை. ஒடுக்கப்பட்டோர் வரலாற்றிலும் நாம் ஒரு நாயகரை மட்டும் கொண்டாடிவிட்டு, மீதி ஆறு இன்னிங்ஸ் எறிந்தவர்களை மறந்துவிடுகிறோம்.

கறுப்பர் வேகமாக எறிந்தால் 'பிறவித் திறமை'. வெள்ளையர் பந்தை மாற்றி எறிந்தால் 'புத்திசாலி'. இந்தப் பாராட்டுக்குள் ஒரு திருட்டு இருக்கிறது. பிறவித் திறமை என்று சொன்ன கணமே, கற்றதும் பழகியதும் யோசித்ததும் காணாமல் போகின்றன. 'பறை அவங்க ரத்தத்திலேயே இருக்கு' என்று நம்மைப் பார்த்துச் சொல்வதும் இதேதான். ரத்தத்தில் எந்தத் தாளமும் இல்லை. எத்தனை ஆண்டு அடித்துப் பழகினார்கள் என்பது இருக்கிறது.

நம் பக்கத்து உதாரணம் பல்வாங்கர் பாலு. 1876இல் தார்வாடில் சாமர் சாதியில் பிறந்தவர். புனேயில் வெள்ளையர் கிளப்பில் மாதம் நான்கு ரூபாய்க்கு ஆடுகளம் பராமரித்தார். வெள்ளை அதிகாரிகளுக்கு மணிக்கணக்கில் பந்து வீசினார். மட்டையைப் பிடிக்க ஒரு நாளும் விடவில்லை. அந்த வலையில்தான் அவர் இடக்கைச் சுழலை, வேகத்தையும் உயரத்தையும் மாற்றி மாற்றி, தீட்டிக்கொண்டார். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 100க்கும் மேற்பட்ட விக்கெட்டுகள் எடுத்தார். ஆனால் இந்துக்கள் அணியின் கேப்டன் பதவி கடைசி வரை அவருக்குத் தரப்படவில்லை. வீச அவர் கை வேண்டும், வழிநடத்த அவர் மூளை வேண்டாம். 1923இல் அவருடைய தம்பி விட்டல் கேப்டன் ஆனார்.

இன்று அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளின் முழங்கைத் தசைநார் கிழிவது பெரும் பிரச்சினை. வேகமானியைக் காட்டி, இன்னும் வேகம், இன்னும் வேகம் என்று விரட்டுகிறார்கள். 2014இல் வெளியிடப்பட்ட 'பிட்ச் ஸ்மார்ட்' வழிகாட்டுதல் 9 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு என்ன சொல்கிறது? வேகப்பந்தையும் சேஞ்சப்பையும் மட்டும் பழகு. வளையும் பந்துகள் பிறகு. 13 முதல் 16 வயது வரை ஒரு நாளுக்கு 95 பந்துக்கு மேல் எறியாதே. கட்டுப்பாடு முதலில், மாற்றம் அடுத்து, கையைக் காப்பாற்று. கட்டுப்பாட்டையும் பேட்டரை ஏமாற்றுவதையும் 1907இல் ஃபாஸ்டர் எழுதினார். கையைக் காப்பாற்றும் பாடத்தை அந்தப் பேருந்துப் பயணங்களே கற்றுக்கொடுத்தன.

2020 டிசம்பரில் நீக்ரோ லீக்குகளைப் பெரிய லீக்குகளாக அங்கீகரித்தார்கள். 2024இல் அவற்றின் புள்ளிவிவரங்கள் அதிகாரப்பூர்வப் பதிவேட்டில் சேர்ந்தன. 1930இல் ஒரு மனநல மருத்துவமனையில் இறந்த ரூப் ஃபாஸ்டர் இதைப் பார்க்கவில்லை. ஆனால் அவர் யாருடைய அங்கீகாரத்துக்காகவும் காத்திருக்கவில்லை. ஆடும்போதே எழுதினார்.

உங்கள் ஊரில் கபடி சொல்லித்தரும் அண்ணன், பறை சொல்லித்தரும் தாத்தா, கால்பந்து சொல்லித்தரும் அக்கா யாராவது இருப்பார்கள். அவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள்: எப்படிச் செய்கிறீர்கள், யாரிடம் கற்றீர்கள், எதை மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள்? அவர்கள் பெயரோடும் தேதியோடும் எழுதிவையுங்கள். 'ரத்தத்திலேயே இருக்கு' என்று அடுத்த முறை ஒருவர் சொல்லும்போது, எடுத்துக் காட்ட நம் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும்.