நாய் வண்டியின் கணக்கு

1970களின் தொடக்கத்தில், சென்னை அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் புது மாதிரியான டைகளும் மணிபர்ஸுகளும் செய்து பார்த்தார்கள். ஆட்டுத்தோல் இல்லை, மாட்டுத்தோலும் இல்லை, நாய்த்தோல். மாநகராட்சி பிடித்துக் கொன்ற தெருநாய்கள் அந்த அளவுக்குக் குவிந்தன. வீணாகப் போகிற தோலை எதற்காவது உபயோகிக்கலாமே என்ற எண்ணம்தான். அதில் கெட்ட நோக்கம் இருந்ததாகச் சொல்ல முடியாது. நூறு வருஷத்துக்கு மேல் ஒரு வேலையைச் செய்துகொண்டே இருந்த நகரம், அதை எதற்காக ஆரம்பித்தோம் என்பதை மறந்துவிட்டிருந்தது, அவ்வளவுதான்.

ஐம்பது வயதைக் கடந்த சென்னைவாசிகளுக்கு நாய் வண்டியை விளக்க வேண்டியதில்லை. பின்பக்கம் கம்பி அடித்த கூண்டு, சுருக்குப் போட்டபடி இறங்கும் ஆட்கள், வேடிக்கை பார்க்க ஓடிவரும் பையன்கள். வண்டி தெருமுனையில் திரும்புவதற்குள் சேதி கடைசி வீட்டுக்குப் போய்விடும். திண்ணையடியில் சுருண்டு கிடந்ததை யாராவது காதைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவார்கள். பழைய பெல்ட்டோ, சணல் கயிறோ, மகளின் ரிப்பனோ, கைக்கு அகப்பட்டதைக் கழுத்தில் கட்டி, "இது எங்க வீட்டு நாய்ங்க" என்று அடித்துச் சொல்வார்கள். பொய்தான். ஆனால் அன்றைக்கு ஒரு நாயைக் காப்பாற்ற அதைவிட நம்பகமான வழி இல்லை.

ப்ளூ கிராஸ் அமைப்பைச் சேர்ந்த டாக்டர் சின்னி கிருஷ்ணா எழுதியவற்றின்படி, சென்னையில் இந்தப் பிடி-கொல் வேலை 1860-ல் தொடங்கியது. அப்போது கொல்லப்பட்டவை சராசரியாக நாளுக்கு ஒன்றுகூட இல்லை. 1990களின் நடுவில் அது நாளுக்கு 135 வரை போயிருந்தது. அந்த வேகத்தில் ஓராண்டுக்குக் கணக்குப் போட்டால் 49,000-ஐத் தாண்டும். இத்தனை செலவுக்கும் சாவுக்கும் பிறகு தெருவில் நாய் குறைந்ததா என்றால், இல்லை. கொன்ற நாய்களுக்கு மாநகராட்சியில் பதிவேடு இருந்தது. பிறந்த குட்டிகளை யாரும் எண்ணவில்லை.

பம்பாயில் இந்த விவகாரம் முன்பே வெடித்திருந்தது. அங்கே வெயில் மாதங்களில் தெருநாய்களைக் கொல்லக் கம்பெனி அரசு அனுமதி கொடுத்திருந்தது. 1832-ல் அந்தக் காலக்கெடுவை நீட்டித்தார்கள். தலைக்கு 8 அணா சன்மானம். காசு என்றதும் போலீஸார் தெருநாய், வீட்டு நாய் என்று பேதம் பார்க்கவில்லை. வாசலில் நின்றதையும் அடித்தார்கள். ஜூன் 6 பார்சிகளுக்குப் புனித நாள். அவர்களுடைய ஈமச்சடங்கில் இறந்தவரின் உடல் மீது நாயின் பார்வை படுவது ஒரு கட்டம். அப்பேர்ப்பட்ட சமூகத்தின் தெருவில், அந்த நாளில், தடியோடு நுழைந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. கோட்டைப் பகுதியில் கூட்டம் சேர்ந்து போலீஸாரைத் தாக்கியது. மறுநாள் கடையடைப்பு. ஜைனர்களும் இந்துக்களும் சேர்ந்துகொண்டார்கள். பட்டாளத்துக்குப் போக வேண்டிய உணவுப் பொருள்கள்கூட நின்றுபோயின.

கைதுகளும் தண்டனைகளும் ஒரு பக்கம் நடக்க, வணிகர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் போன்ற பெரிய மனிதர்கள் சமரசம் பேசினார்கள். நாய்களைக் கொல்வதற்குப் பதில் ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடலாம் என்ற யோசனை அப்போது எழுந்தது. 1834-ல் ஜீஜீபாயும் அமிசந்த் ஷாவும் சேர்ந்து பம்பாய் பிஞ்சராபோலைத் தொடங்கினார்கள். வேண்டாத விலங்குகளுக்கு ஆயுசு முழுக்கச் சோறு போடும் இடம். சென்னையிலும் கொன்னூர் நெடுஞ்சாலையில் ஒரு பிஞ்சராபோல் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் மாடுகளின் இடம். மாட்டுக்குப் பரிந்து பேச நகரத்தில் ஆட்கள் இருந்தார்கள். நாய்க்கு இல்லை.

சென்னையில் கொலை தொடங்கியதாகச் சொல்லப்படும் அதே 1860-ல், லண்டனில் மேரி டீல்பி என்ற பெண்மணி ஹாலோவே பகுதியின் ஒரு லாயத்தில், தொலைந்துபோய்ப் பட்டினி கிடக்கும் நாய்களுக்கு ஒரு புகலிடம் திறந்தார். மனிதர்களே தெருவில் கிடக்கும் ஊரில் நாய்க்கு வீடா என்று பத்திரிகைகள் கேலி செய்தன. இரண்டு வருஷம் கழித்து டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் பரிவான கட்டுரை ஒன்று வந்த பிறகுதான் காற்று திசை மாறியது. 1871-ல் பேட்டர்ஸிக்கு இடம் மாறிய அந்தப் புகலிடம், அந்தப் பெயரிலேயே இன்றும் நடக்கிறது. ஆனால் பேட்டர்ஸியின் கதையையும் முழுதாகச் சொல்ல வேண்டும். போலீஸார் பிடித்துக் கொடுத்த நாய்கள் வந்து நிரம்பின. சில நாள் கெடுவுக்குள் உரியவர் வராமல், வாங்க ஆளும் இல்லாமல் போனவற்றை அங்கேயும் கொன்றார்கள். வலியில்லாமல் கொல்ல, டாக்டர் பெஞ்சமின் வார்டு ரிச்சர்ட்சன் வடிவமைத்த மரண அறை 1884-ல் அங்கேதான் நிறுவப்பட்டது. புகலிடமும் கொலைக்கூடமும் ஒரே மதிலுக்குள் இருக்கலாம் என்ற ஏற்பாடு உலகம் முழுக்கப் பரவியது.

நாயைக் கண்டு பயந்தவர்களைக் கொடுமைக்காரர்கள் என்று தள்ளிவிடவும் முடியாது. வெறிநோய் கண்ட பிறகு பிழைத்தவர்கள் அரிதிலும் அரிது. 1902-ல் தென்னிந்தியாவில் ஓர் ஆங்கிலேயப் பெண் நாய்க்கடியால் இறந்தார். அப்போது தடுப்பூசிக்கு வடக்கே இமயமலை அடிவாரத்துக் கசௌலிவரை ரயிலேற வேண்டும். அந்தச் சாவு எழுப்பிய பேச்சின் தொடர்ச்சியாகத்தான் 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் வந்தது. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தக் கால மருந்தைத் தொப்புளைச் சுற்றி வரிசையாகப் போட்டார்கள். "நாய் கடிச்சா பதினாலு ஊசி" என்ற பயம் மூன்று தலைமுறைப் பிள்ளைகளைத் துரத்தியது. அந்த மருந்து இந்தியாவில் கைவிடப்பட்டது இந்த நூற்றாண்டில்தான்.

சுதந்திர இந்தியாவின் சட்டமும் நாயைக் கைவிட்டது. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் பலனாக 1960-ல் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். வாரியத்தின் தலைமையகமும் அப்போது சென்னையில் இருந்தது. ஆனால் சட்டத்தின் 11-ஆவது பிரிவைக் கடைசிவரை படித்தால், எவையெல்லாம் வதை ஆகாது என்ற பட்டியலில் ஒரு வரி இருக்கிறது: தெருநாய்களை மரண அறையில் கொல்வது. லண்டனின் அந்த அறை டெல்லியின் சட்டப் புத்தகத்தில் இடம் பிடித்துவிட்டது.

இந்த நிலையில்தான் தியாகராய நகரில் ஒரு விமானி குடும்பம் உள்ளே வருகிறது. கேப்டன் வி. சுந்தரம், மைசூர் மகாராஜாவின் டக்கோட்டா விமானத்தில் சர்தார் பட்டேலை ஏற்றிக்கொண்டு சமஸ்தானம் சமஸ்தானமாகப் பறந்தவர். மனைவி உஷாவும் விமானி. 1959-ல் ஒரு மழை நாள், வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை சுந்தரம் வீட்டுக்குத் தூக்கி வந்தார். அவற்றுக்குப் பிறகு இன்னும் சில. வீடே ஆஸ்பத்திரியானது. 1964-ல் ப்ளூ கிராஸ் என்ற பெயரில் பதிவு செய்தார்கள்.

நாய்க்குட்டி தூக்கி வருகிற குடும்பம் எல்லா ஊரிலும் உண்டு. இந்தக் குடும்பத்தை வேறாக்கியது பிள்ளை சின்னி கிருஷ்ணாவின் கணக்குப் புத்திதான். மாநகராட்சியின் பதிவேடுகளைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது எளிய கேள்வி: இத்தனை வருஷம் கொன்றும் ஏன் கொல்ல வேண்டிய எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது? ஒரு பெட்டை நாய் ஆண்டுக்கு இரண்டு முறைவரை ஈனலாம். சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். ஒரு தெருவிலிருந்து நான்கு நாய்களைப் பிடித்துப் போனால், அங்கே கொட்டுகிற எச்சிலும் குப்பையும் அப்படியேதான் இருக்கின்றன; பக்கத்துத் தெரு நாய்கள் அந்த இடத்துக்கு வருகின்றன, குட்டிகள் தங்குகின்றன. சுருக்கில் முதலில் மாட்டுவது எது என்பதையும் யோசிக்க வேண்டும். மனிதனைக் கண்டால் வாலாட்டிக்கொண்டு கிட்டே வருகிற நாய்தான் மாட்டும். ஆளைக் கண்டாலே உறுமுவது ஓடித் தப்பித்து இனத்தைப் பெருக்கும்.

எனவே கருத்தடை செய்து, வெறிநோய் தடுப்பூசி போட்டு, பிடித்த தெருவிலேயே திரும்ப விடுவோம் என்றார்கள். 1960களிலேயே ப்ளூ கிராஸ் இதைச் சின்ன அளவில் தொடங்கிவிட்டது. மாநகராட்சியை நம்பவைக்க ஏறக்குறைய முப்பது வருஷம் பிடித்தது. பிடித்த நாயைத் திரும்பத் தெருவிலேயே விடுவதா என்ற கேள்வியில் ஒவ்வொரு அதிகாரியும் நின்றுவிடுவார். அவரைக் குறை சொல்வானேன்? இன்றைக்கும் பாதி நகரம் அங்கேதான் நிற்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் வெறிநோய் நிபுணர் குழு 1992-ல் வெளியிட்ட அறிக்கை அந்த வாதத்துக்குத் துணை வந்தது. நாய்களை அகற்றுவதால் மட்டும் எங்கேயும் நாய்த்தொகையோ வெறிநோய்ப் பரவலோ குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததற்குச் சான்று இல்லை என்று அது சொன்னது. 1990களின் நடுவில் மாநகராட்சி சம்மதித்தது. முதலில் தென்சென்னை, பிறகு நகரம் முழுக்க. சுருக்குக்குப் பதில் வலை வந்தது. நாய் வண்டி அதே நாய் வண்டிதான். ஆனால் இப்போது போன நாய் சில நாளில் காது நுனியில் ஒரு சிறு வெட்டோடு திரும்பி வந்தது. தெருக்காரர்களுக்கு அந்த வெட்டு ரசீது மாதிரி. 2001-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனக்கட்டுப்பாட்டு விதிகள் இதையே நாடு முழுக்க நடைமுறையாக்கின.

ப்ளூ கிராஸ் தரும் கணக்கில், 1996-ல் சென்னையில் வெறிநோய்ச் சாவுகள் 120. அடுத்த பத்துப் பதினைந்து வருஷங்களில் அது ஏறத்தாழ இல்லாமலே போனது. இதில் மனிதர்களுக்கு நல்ல தடுப்பூசி சுலபமாகக் கிடைக்க ஆரம்பித்ததற்கும் பங்கு உண்டு. முழுப் பெருமையையும் அறுவை மேஜைக்கே கொடுத்துவிட்டால் கணக்கு கோணும்.

அமெரிக்காவில் இதே போராட்டம் வேறு வடிவம் எடுத்தது. அங்கே தெருவில் நாய் இல்லை, காப்பகத்தில் இருந்தது. சாவும் அங்கேதான் நடந்தது. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மூதாட்டி, தன் காலத்துக்குப் பிறகு சைடோ என்ற நாயைக் கொன்றுவிட வேண்டும் என்று உயில் எழுதி வைத்து இறந்தார். வேறு யார் அதைச் சரியாகப் பார்த்துக்கொள்வார்கள் என்ற கவலைதான். நகரத்துப் பிராணிவதைத் தடுப்புச் சங்கத்தின் தலைவர் ரிச்சர்டு அவன்சினோ நாயை ஒப்படைக்க மறுத்தார். 1980-ல் வழக்கு நீதிமன்றம் ஏறியது. சைடோவுக்கென்றே சட்டமன்றம் தனிச் சட்டம் போட்டது. சைடோ பிழைத்து அவன்சினோ வீட்டிலேயே வளர்ந்தது. ஒரு நாய்க்கு இவ்வளவு பாடுபட்டோமே, காப்பகத்தில் தினம் சாகிறவை என்ன பாவம் செய்தன என்ற கேள்வி அதோடு எழாமல் இருக்குமா? 1994-ல் அந்தச் சங்கமும் நகராட்சியும் ஓர் ஒப்பந்தம் செய்தன. ஆரோக்கியமான, வீட்டில் வளரத் தகுந்த எந்த நாயும் பூனையும் அந்த நகரத்தில் இனிக் கொல்லப்படாது; வீடு கிடைக்கும்வரை சங்கம் பொறுப்பு.

வீடு தேடிக் கொடுப்பது அங்கே தீர்வானது. சென்னையில் தெருநாய்க்கு ஏற்கெனவே வீடு உண்டு: டீக்கடை வாசல், ஆட்டோ ஸ்டாண்டு, அபார்ட்மென்ட் வாட்ச்மேனின் நாற்காலியடி. பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவதுதான் இங்கே தத்துக் கொடுப்பதற்கு மிக நெருங்கிய காரியம். தனியாக வீடு தேட வேண்டியவை இரண்டு வகை. ஒன்று, தாயை இழந்த குட்டிகள். இன்னொன்று, காசு கொடுத்து வாங்கிய ஜாதி நாய்கள். லாப்ரடாரும் ஜெர்மன் ஷெப்பர்டும் வயதானதும் நோய் வந்ததும் காப்பக வாசலில் கட்டிவிட்டுப் போகப்படுகின்றன. தெருவில் பிழைக்கத் தெரியாத அந்த நாய்களின் நிலைமை தெருநாயைவிட மோசம். குட்டி தத்தெடுக்க வருகிறவர்கள் முன்பெல்லாம் நாட்டு நாயை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். அந்த எண்ணம் மெல்ல இளகியது. தியடோர் பாஸ்கரன் போன்றவர்கள் இந்திய நாயினங்களைப் பற்றி எழுதியதற்கும், 2005-ல் ராஜபாளையம் நாய் தபால்தலையில் ஏறியதற்கும் இதில் பங்கு இருக்கும். ஒரு கறுப்புத் தெருக்குட்டியைக் கூச்சமில்லாமல் காரில் ஏற்றிப் போகிறவர்களை இப்போது பார்க்க முடிகிறது.

வாதம் தீர்ந்துவிடவில்லை. 2025 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் டெல்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. பதினொரு நாளில், ஆகஸ்ட் 22-ல், வேறு அமர்வு அதைத் திருத்தியது: கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துத் திரும்ப விடலாம், வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் தவிர. கடிபட்ட குழந்தையின் பெற்றோருக்கு இந்த விதிகளின் நுணுக்கத்தை விளக்க முடியாது. விளக்கப் போகிறவரும் அடி வாங்குவார்.

சென்னையில் 2024-ல் எடுத்த கணக்கில் தெருநாய்கள் சுமார் 1.8 லட்சம். ஒரு பகுதியில் பத்துக்கு ஏழு நாய்க்காவது கருத்தடை முடிந்தால்தான் தொகை இறங்க ஆரம்பிக்கும் என்பது இந்த வேலையில் இருப்பவர்கள் வைத்திருக்கும் அளவு. 1.8 லட்சத்துக்கு அது 1.26 லட்சம் அறுவை. அதையும் பத்து வருஷத்துக்குப் பரப்பிச் செய்தால் பலிக்காது. ஒரு தெருவை முடித்து அடுத்த தெருவுக்குப் போவதற்குள் முதல் தெருவில் விட்டுப்போன இரண்டு பெட்டைகள் ஈன்றுவிடும்.