பிறப்பு குறைந்தும் மக்கள்தொகை ஏன் கூடுகிறது?

பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு. மக்கள்தொகை மாற இந்த மூன்றும்தான் காரணம் என்று புவியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். இந்தியா போன்ற பெரிய நாட்டில் இடப்பெயர்வின் பங்கு சிறியது. முதல் இரண்டைப் பார்ப்போம்.

1971-ல் 1,000 பேருக்கு ஆண்டுக்கு 36.9 பிறப்பு, 14.9 இறப்பு. வித்தியாசம் 22. இதுதான் இயற்கை வளர்ச்சி. 2020-ல் பிறப்பு 19.5, இறப்பு 6. வித்தியாசம் 13.5, அதாவது 1.35%.

இங்கேதான் ஒரு குழப்பம். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகள் 2.0. பெற்றோர் இருவரின் இடத்தை நிரப்பவே 2.1 வேண்டும் (அந்த 0.1, வளருமுன் இறந்துபோகும் குழந்தைகளையும் பெண் குழந்தைகள் சற்றுக் குறைவாகப் பிறப்பதையும் ஈடுகட்ட). அப்படின்னா மக்கள்தொகை குறையணுமே?

உடனே குறையாது. வீட்டுக்கு நாலைந்து குழந்தைகள் இருந்த காலத்தின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வளர்ந்து பெற்றோராகும்போது, ஆளுக்கு இரண்டே பெற்றாலும் பெறுபவர்கள் எண்ணிக்கை அதிகம். முதியவர்கள் குறைவு என்பதால் இறப்பும் குறைவு. பிரேக் போட்ட ரயில் கொஞ்ச தூரம் ஓடித்தானே நிற்கும்? இதற்குப் பெயர் மக்கள்தொகை உந்தம்.

எல்லா மாநிலமும் ஒரே நேரத்தில் பிரேக் போடவில்லை. அதே ஆய்வில் பீகார் 3.0, தமிழ்நாடு 1.8. குடும்பக் கட்டுப்பாட்டில் முந்திய மாநிலங்கள் நஷ்டப்படக் கூடாதென்றுதான், மாநிலவாரி மக்களவை இடங்களை 1976-ல் அரசமைப்புத் திருத்தம் 1971 கணக்கெடுப்போடு நிறுத்திவைத்தது. பின்னர் அது 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டிக்கப்பட்டது. தொகுதி மறுவரையறைச் சண்டையின் வேர் இந்த 3.0-க்கும் 1.8-க்கும் நடுவில்தான் இருக்கிறது.