மணியும் கலமும்

இணுவிலுக்கு வடக்கே, சிறிது தொலைவில் உள்ளது கந்தரோடை. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்த இடம். அவ்வூர் மண் தந்த தொல்பொருள்களுள் கண்ணாடி மணிகளும் உள.

எதிர்க்கரை அரிக்கமேட்டில், உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி மணி செய்தனர். இழுக்கையில் நடுத்துளை மூடிவிடலாகாது. தொழிலின் நுட்பம் அதுவே.

கி.மு. முதலாம் நூற்றாண்டளவில் சிரியா, பாலஸ்தீனக் கரைகளில் வேறொரு வித்தை பிறந்தது. குழல் நுனியில் கண்ணாடியைத் திரட்டி ஊதினர். சுழற்றிக்கொண்டே ஊதினால்தான் கலம் சாயாது. மெல்ல ஆறினால்தான் வெடிக்காது.

அங்கே துளையை வளர்த்துக் கலம் செய்தார்கள்; இங்கே துளையைக் காத்து மணி செய்தார்கள்.

கந்தரோடையில் மணியொன்று கண்டால், கிடந்த இடத்தைக் குறித்து வையுங்கள். இடம் அறியாத மணி வரலாறு பேசாது.